உப்புக் கை

அவன் வேலை செய்த பட்டறைக்குள் நாங்கள் எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடப்போம். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள், ஜப்பான்காரனுக்குப் பயந்துதான் இவர்கள் இப்படி நடக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். ஜப்பான்காரனுக்கும் பயந்தோம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கையைக் கட்டிக்கொண்டது எங்கள் பெயிண்ட்காரனுக்குப் பயந்துதான்.

அவன் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். என்னைவிட ஏழெட்டு வயது இளையவன், ஒல்லி, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருப்பான். குடும்பத்தில் மற்ற எல்லோரும் சாப்பாட்டுக் கடை. இவன் ஒருவன்தான் சட்டியை விட்டுவிட்டுத் தகரத்தைப் பிடித்தவன். நான் அங்கே கிராணி. வெள்ளைக்காரன் காலத்தில் துறைமுக அலுவலகத்தில் இருந்தவன், வெள்ளைக்காரன் ஓடிய பிறகு டத்தோ கிராமட் சாலைக்கு உள்ளே ஒரு சந்தில் இருந்த அந்தக் கார் பட்டறையில், வருகிற சாமானுக்கும் போகிற சாமானுக்கும் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்துக் குடும்பம், இங்கிலீஷ் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. அவன் என் கையெழுத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. என் கையைத்தான் பார்த்தான்.

சேர்ந்த முதல் நாளே உள்ளங்கையை நீட்டச் சொன்னான். ஜோசியம் பார்ப்பானாக்கும் என்று நீட்டினேன். ஒரு பளபளப்பான தகரத் துண்டை என் கையில் வைத்து அழுத்தி, பிறகு அதை ஜன்னல் கம்பியில் சொருகி வைத்தான். மறுநாள் அதில் என் ஐந்து விரலும் ரேகையோடு மஞ்சளாகத் துருப் பிடித்திருந்தன.

"கிராணி அண்ணே, ஒங்களது உப்புக் கை. நானும் எத்தனையோ கை பாத்துருக்கேன், இந்த மாதிரி உப்பு பாத்ததில்லை. ஊரே உப்புக்குக் கியூவுல நிக்குது, நீங்க ஏன் போயி நிக்கிறீங்க?"

பட்டறையே சிரித்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் சொல்லும்போது எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அவனுக்கு உலகத்தில் மூன்று வகைக் கைகள்தான். உப்புக் கை, எண்ணெய்க் கை, காய்ந்த கை. உப்புக் கை பட்டால் துரு வரும். எண்ணெய்க் கை பட்டால் பெயிண்ட் ஒட்டாது. காய்ந்த கை அல்லா கொடுத்த வரம், லட்சத்தில் ஒருவருக்குத்தான் இருக்கும் என்பான். அவனுக்குப் பெண் பார்க்கப் போனபோது, "நெறம் இருக்கட்டும், மொதல்ல கை எப்படின்னு பாத்துட்டு வாங்க" என்று தன் அம்மாவிடம் சொல்லி அனுப்பினானாம். வந்த பெண்ணுக்கு உண்மையிலேயே காய்ந்த கை. பட்டறையில் வெறுங்கையோடு தகரத்தைத் தொட அவன் அனுமதித்த ஒரே ஆள் அவள்தான். அவளோ அந்தப் பக்கமே வரமாட்டாள், பெயிண்ட் வாடை பிடிக்காது என்பாள்.

இதெல்லாம் கோணங்கித்தனம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். பிறகு புரிந்தது. பழைய பெயிண்டைச் சுரண்டித் துருவை எடுத்த பிறகு, சிவப்பு அடிப்பூச்சு ஏறுகிறவரைக்கும் கார் வெறும் தகரமாக நிற்கும். அந்த நேரத்தில் ஒரு விரல் பட்டாலும் போதும். மேலே எத்தனை பூச்சுப் பூசினாலும், ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் கொப்புளம் கிளம்பும். அதுவும் நம் ஊர்க் காற்று சும்மா விடாது. கடல் உப்பு ஒரு பக்கம், சாயங்கால மழை ஒரு பக்கம். "பெயிண்ட் அடிக்கிறது ஒண்ணும் பெரிய வேலையில்லண்ணே. அதுக்கு முன்னாடி தொடாம இருக்கணும் பாருங்க, அதான் வேலை" என்பான். யாராவது கையை நீட்டினால் பட்டறையின் எந்த மூலையிலிருந்தாலும் "ஜாங்கான்!" என்று மலாயில் ஒரு சத்தம் வரும். தொடாதே என்று அர்த்தம். அதுவே அவனுக்குப் பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் சொல்லி அவனை யாரும் கூப்பிட்டதாக நினைவில்லை.

ஜப்பான்காரன் வந்து இரண்டாவது வருஷம், மழைக்காலத்தில், ஒரு கார் வந்தது. பாலிக் புலாவில் ஜாதிக்காய்த் தோட்டம் வைத்திருந்த ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், கார். அவர் அதைத் தோட்டத்துக்குள் ஓலை போட்டு மூடி ஒளித்து வைத்திருந்தார். எவனோ காட்டிக்கொடுத்து, இராணுவம் இழுத்து வந்துவிட்டது. எங்கள் பகுதிக்குப் பொறுப்பான ஜப்பானிய அதிகாரிக்கு அதன் மேல் ஆசை. சிங்கப்பூரிலிருந்து பெரிய ஜெனரல் வருகிறார், பத்து நாளில் கார் கருநீலத்தில் மின்ன வேண்டும் என்று உத்தரவு போட்டான். முடியாவிட்டால் பட்டறையை மூடிவிடுவானாம்.

பட்டறையை மூடினால் என்ன ஆகும் என்று எங்கள் ஆறு பேருக்கும் தெரியும். இராணுவ வண்டி பார்க்கிற ஆள் என்று முத்திரை குத்திய அட்டை ஆளுக்கு ஒன்று சட்டைப் பையில் இருந்தது. அந்த அட்டை இருக்கும்வரை சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கிறவர்கள் எங்களைத் தொடமாட்டார்கள். எங்கள் தெருவிலிருந்து போன நால்வரில் ஒருவரிடமிருந்தும் ஒரு கடுதாசிகூட வரவில்லை. ஜாங்கானின் மனைவிக்கு அப்போது ஏழாவது மாதம்.

கார் முழுக்கத் துரு. துரு எடுக்கும் மருந்து எதுவும் கடையில் இல்லை. அதற்கெல்லாம் அவன் அசருகிறவன் இல்லை. அக்கம்பக்கத்தில் பெலிம்பிங் மரம் இருந்த வீடுகளுக்கெல்லாம் போய்க் காய்களைப் பறித்து வந்தான். அந்தக் காயின் பெயரைச் சொன்னாலே பல் கூசும், அவ்வளவு புளிப்பு. அதை இடித்துப் பிழிந்து தகரத்தில் தேய்த்தான், சாம்பல் தண்ணீரால் கழுவினான், உடனே சூடான துணியால் ஒற்றி எடுத்தான். என் வீட்டு மரத்தையும் விடவில்லை.

"ஒரு காய் மிச்சமில்லை. இனி மீன் குழம்புக்கு உங்கட ஜப்பான்காரனையோ பிழிஞ்சு விடுறது?" என்று என் மனைவி கேட்டாள்.

நாலாம் நாள் சாயங்காலம் கார் வெள்ளி போல நின்றது. தகரம் தட்டுகிற சீனக் கிழவர் ஒருவர் எங்களோடு இருந்தார், யாரையும் பாராட்டி அறியாதவர். அவர்கூட ஒரு சுற்றுச் சுற்றி வந்து தலையை ஆட்டினார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான். மறுநாள் காலையில் சிவப்பு அடிப்பூச்சு எங்கள் தீவுக்கு அக்கரையில் இருந்த பட்டர்வொர்த் கிடங்கிலிருந்து ஃபெர்ரியில் வந்துவிடும் என்று சீட்டு வந்திருந்தது. அதைப் படித்து, நாளைக் காலையில் கட்டாயம் வரும் என்று சொன்னவன் நான்தான். அதை நம்பித்தான் அவன் கடைசிச் சுரண்டலை முடித்தான்.

மறுநாள் அடிப்பூச்சு வரவில்லை. இன்னும் இரண்டு நாளாகும் என்று ஆள் வந்து சொன்னான். அதற்கு முந்தின இரவு முழுக்க மழை கொட்டித் தீர்த்திருந்தது. போர்வை போட்டு மூடி, சுற்றிலும் கரி அடுப்பு வைத்திருந்தும் பலனில்லை. போர்வையை எடுத்தபோது காரின் உடம்பு முழுக்க மெல்லிசாக மஞ்சள் பூத்திருந்தது. துரு இன்னும் ஆழமாகப் போகவில்லை, தேய்த்தால் போய்விடும். ஆனால் தேய்க்கிற உப்புத்தாள் இரண்டே இரண்டுதான் மிச்சம், தீவு முழுவதும் வேறு கிடையாது. இன்னொரு இரவு இப்படிப் பூத்தால் எடுக்க வழியில்லை. எண்ணெய் பூசி வைக்கலாமே என்று நான் கேட்டேன். "பூசலாம். அப்புறம் அத எதவச்சு எடுக்குறது? பெட்ரோலும் இல்லை, சோப்பும் இல்லை. எண்ணெ ஏறுன தகரத்துல பெயிண்டு நிக்காதுண்ணே" என்றான். சிரிக்காமல் அவன் பேசி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவனுக்கு ஒரு பழக்கம். காரின் மேற்பக்கத்தைப் பார்த்து முடித்ததும் அடிப்பக்கத்தைப் பார்ப்பான். பானெட்டைத் தூக்கி உள்விளிம்பு நெடுகக் கண்ணாலேயே தடவிக்கொண்டு போனான். ஒரு இடத்தில் நின்றான்.

"யாரு கை இது?"

சிகரெட் கிடைக்காமல் போன பிறகு நான் வெற்றிலை போடப் பழகியிருந்தேன். நம் ஆட்கள் வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவியதும் விரலில் மிஞ்சியதைப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் இழுகிவிடுவார்கள். தூணோ சுவரோ மேசைக்காலோ, கணக்கில்லை. முந்தின நாள் சாயங்காலம், சீட்டு வந்த சந்தோஷத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டே காரைச் சுற்றி வந்த நான், யார் கண்ணிலும் படாத இடம் என்று பானெட்டின் உள்விளிம்பில் விரலைத் துடைத்திருந்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. என் கை அதுவாகச் செய்த வேலை.

"அது நான் தான் தம்பி" என்றேன். "சுண்ணாம்பு. தெரியாமல் இழுகிப் போட்டன். என்னை மன்னிச்சுக்கொள்."

அவன் திட்டவில்லை. துணி சுற்றிய விரலால் அந்த வெள்ளைக் கோட்டின் ஓரத்தைச் சுரண்டினான். பிறகு என்னைப் பார்த்தான், கோட்டைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான்.

"இங்க வந்து பாருங்கண்ணே."

குனிந்து பார்த்தேன். விளிம்பு முழுக்க மஞ்சள். சுண்ணாம்பு இருந்த இடத்தில் மட்டும் தகரம் நேற்று இருந்தபடியே பளிச்சென்று இருந்தது.

அவன் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் காதில் இருக்கிறது. "ஒலகத்துலயே மோசமான உப்புக் கை! அதுவே வந்து வண்டிய காப்பாத்துதுலா!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். சீனக் கிழவருக்கு மலாயில் விளக்கிச் சொல்லிவிட்டு, மறுபடி சிரித்தான்.

பிறகு நடந்தது திருவிழா. இரண்டு உப்புத்தாளையும் நூலாகும்வரை தேய்த்து மஞ்சளை எடுத்தோம். தெருவில் வெற்றிலைப் பெட்டி இருந்த வீடு ஒன்று விடாமல் சுண்ணாம்பு கேட்டு வாங்கினோம். அது ஒரு கதவுக்குக்கூடப் பத்தாது என்று தெரிந்ததும், பள்ளிவாசலுக்கு வெள்ளையடித்து மிஞ்சியிருந்த அரை டின்னை அவன் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தான். எல்லோரும் கைக்குத் துணி சுற்றிக்கொண்டு, தென்னை மட்டையை நசுக்கிச் செய்த தூரிகையால் காருக்கு வெள்ளையடித்தோம். உள்ளும் புறமும் ஒரு நகக்கண் இடம் விடவில்லை. மத்தியானத்துக்குள் கார் புதிதாகக் கட்டின வீட்டுச் சுவராகி நின்றது. கூடவே அவன் இரண்டு சின்னத் தகரத் துண்டுகளை எடுத்தான். ஒன்றுக்குச் சுண்ணாம்பு பூசி, ஒன்றைச் சும்மா விட்டு, இரண்டையும் கூரைக்கடியில் தொங்கவிட்டான். "காருக்குப் பதில் இதுங்களத் தொந்தரவு பண்ணிப் பாத்துக்கலாம்" என்றான்.

அன்று சாயங்காலம் சீனக் கிழவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார், மலாயில்: "சுண்ணாம்பைக் கழுவின பிறகு, பூச்சுக்கு முன்னால், நாம் ஆறு பேரும் ஆளுக்கு ஒரு தடவை கையை வைப்போம். ஜெனரல் வருகிறபோது மின்னும். ஆறு மாதம் கழித்து அந்த அதிகாரிக்குச் சொறி பிடித்த காராக இருக்கும். யார் செய்தார்கள் என்று எவனுக்குத் தெரியும்?"

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்தது. என் உப்புக் கைக்கு அதைவிட நல்ல வேலை வருமா? அவன்தான் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டான். கிழவரை அவன் அப்பே, பெரியவரே, என்றுதான் கூப்பிடுவான்.

"வண்டி அவன்துதா, அப்பே? பாலிக் புலாவ் தவுக்கேதுலா. இவனுங்க இன்னிக்கி இருப்பானுங்க, நாளைக்கிப் போயிருவானுங்க. வண்டி இங்கதான் நிக்கும். துரு வந்து ஜப்பான்காரன மட்டும் பாத்தா புடிக்கும்?"

ஜப்பான்காரன் போய்விடுவான் என்று அந்த நாளில் அவ்வளவு சாதாரணமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கிழவர் சுத்தியலை மறுபடி எடுத்துக்கொண்டார். நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

ஆறாம் நாள் காலையில் அதிகாரி சொல்லாமல் வந்து நின்றான். அவன் எதிர்பார்த்தது கருநீலம், கண்டது வெள்ளைச் சுவர். முகம் சிவந்துபோய் என்னவோ கத்திக்கொண்டே காரை நோக்கிப் போனான். சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்க்க வெறுங்கையை நீட்டினான். அப்போது பட்டறையின் மூலையிலிருந்து ஒரு சத்தம்.

"ஜாங்கான்!"

யாருக்கு மூச்சு இருந்தது, யாருக்கு இல்லை என்று எனக்குத் தெரியாது. எனக்கு இல்லை. அதிகாரிக்கும் அந்த அளவு மலாய் தெரியும். திரும்பினான், நேரே மூலைக்கு வந்து எங்கள் ஜாங்கானின் கன்னத்தில் ஒன்று விட்டான். அவன் தொப்பி மூன்று அடி தள்ளிப் போய் விழுந்தது. அடி வாங்கியவன் முறைப்படி குனிந்து வணங்கினான். நிமிர்ந்து, கூரைக்கடியில் தொங்கிய இரண்டு தகரத் துண்டுகளையும் துணியால் பிடித்துக் கொண்டுவந்து நீட்டினான். ஒன்று செங்கல் நிறமாகத் துருவேறியிருந்தது. இன்னொன்றில் இருந்த சுண்ணாம்பை அவன் துணியால் துடைத்ததும் அதிகாரியின் மூக்கே அதில் தெரிந்தது. பிறகு தன் உள்ளங்கையைக் காட்டி, வியர்வையைக் காட்டி, துருவைக் காட்டி, கடைசியாக மரியாதையோடு அதிகாரியின் கையைக் காட்டினான்.

அதிகாரி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். இன்னொரு கையையும் கொண்டுபோய்க் கோத்துக்கொண்டான். அப்படியே காரை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவந்தான், வாளும் பூட்சுமாக, எங்களைப் போலவே நடந்து. சீனக் கிழவர் இருமுகிற சாக்கில் வெளியே ஓடிவிட்டார். நான் சீட்டுப் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அதிகாரி போன பிறகு அவன் கன்னத்தில் கைவிரல் ஐந்தும் பதிந்திருந்ததைப் பார்த்தோம். "எண்ணெக் கை" என்றான், கன்னத்தைத் தடவிக்கொண்டே. அரை மணி நேரம் எங்களால் வேலை செய்ய முடியவில்லை.

ஏழாம் நாள் அடிப்பூச்சு வந்தது, நல்ல வெயிலும் வந்தது. ஒரேயடியாகக் கழுவ அவன் விடவில்லை. ஒரு கதவு கழுவு, துடை, சூட்டுத் துணியால் ஒற்று, உடனே சிவப்புப் பூச்சு. பிறகுதான் அடுத்த கதவு. ஆறு பேரும் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிச் செய்தோம். என் மனைவி ஒரு சட்டி மரவள்ளிக் கிழங்கு அவித்துக் கொண்டுவந்து வைத்தாள். கையெல்லாம் துணி சுற்றியிருந்ததால் அவளும் அவன் மனைவியும்தான் எங்களுக்கு ஊட்டிவிட்டார்கள். பெயிண்ட் வாடை பிடிக்காதவள் அன்றைக்கு வயிற்றைத் தாங்கிக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். பத்தாம் நாள் கார் கருநீலமாக வெளியே போனது. அட்டைகள் எங்கள் பையிலேயே இருந்தன. இரண்டு மாதம் கழித்து அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நான் பார்க்கப் போனபோது தொட்டிலுக்கு இரண்டடி முன்னாலேயே நிறுத்திவிட்டான். கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னான்.

அவன் சொன்னபடியேதான் நடந்தது. ஜப்பான்காரர்கள் போனார்கள், கார் இங்கேயே நின்றது. அடுத்த டுரியான் பருவத்தில் பாலிக் புலாவ் தவுக்கே, பின்சீட்டு நிறைய டுரியானோடு, திரும்பக் கிடைத்த தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். மூன்று மழைக்காலம் பார்த்த கார் அது. ஒரு கொப்புளம் இல்லை. தவுக்கே ஒவ்வொருவர் கையையும் இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். எல்லோரும் டுரியானைப் பிளக்க ஓடினார்கள். அவன் மட்டும் என்னைக் கூப்பிட்டுப் பானெட்டைத் தூக்கினான்.

உள்பக்கம் முழுக்கச் சிவப்புப் பூச்சு, அதன் மேல் கருநீலம். உள்விளிம்பில் ஒரு இடத்தில் மட்டும், ஒரு விரல் அகலத்துக்கு, இரண்டு பூச்சும் கோடு கிழித்த மாதிரி ஒதுங்கி நின்றன. நடுவில் என் சுண்ணாம்பு. ஒரு நகக்கண் இடம் விடாமல் பூசுகிறவன், அதைக் கழுவாமல், மூடாமல், சுற்றிவளைத்துப் பூசியிருக்கிறான். வருஷக்கணக்காக ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை. அவன் நகத்தால் ஓரத்தைச் சுரண்டினான். வெறும் தகரம் பளிச்சென்று தெரிந்தது.

என் கை தானாக நீண்டது. தானாகவே நின்றும் விட்டது. பழக்கதோஷம், பின்னால் கட்டிக்கொள்ளப் போனேன்.

"தொடுங்கண்ணே" என்றான்.

வேட்டியில் கையை நன்றாகத் துடைக்க ஆரம்பித்தேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினான்.

"தொடைக்க வேணாம். உப்போடயே தொடுங்க."